ரத்தக் கசிவு நின்றால் ஈறு நோய் நின்றதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈறு நோய்க்கான புரோபயாடிக் (நன்மை தரும் உயிருள்ள பாக்டீரியா அடங்கிய) மாத்திரைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஈறு நோய்களுக்குச் சிகிச்சை தரும் பல் மருத்துவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். ஆய்வுக்கூடப் பேச்சாகவே இருந்த விஷயத்தைப் பொதுவாசகர்களிடம் கொண்டுவந்ததற்கு நன்றி. ஆனால் 'அழற்சி குறைகிறது' என்ற இடத்தோடு கட்டுரை நின்றுவிட்டது. படிப்பவர் அதை 'நோய் குணமாகிறது' என்றுதான் எடுத்துக்கொள்வார். இரண்டும் வேறு வேறு.

ஈறு நோயில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது, ஈறு சிவந்து வீங்கி, பல் துலக்கும்போது ரத்தம் வருவது. 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் ஆரோக்கியமான ஈறு உள்ள சிலரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் அது மறைந்தது. ஆக, இந்தக் கட்டத்தில் போனது திரும்பக் கிடைக்கும். இரண்டாவது கட்டத்தில் அழற்சி ஈறைத் தாண்டி உள்ளே இறங்குகிறது. பல்லைப் பிடித்திருக்கும் நார்களும் தாடை எலும்பும் கரைகின்றன. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே குழி ஆழமாகிறது. கரைந்த எலும்பு தானாக வளர்ந்து பழைய நிலைக்கு வந்துவிடாது. கட்டுரையில் இந்த இரண்டு கட்டங்களும் ஒரே 'ஈறு நோய்' ஆகிவிட்டன.

எலும்பைக் கரைப்பது பாக்டீரியா நேரடியாகச் செய்யும் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதியைச் செய்வது நம் உடம்பேதான். கிருமிகளை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்கள் விடும் நொதிகள் சுற்றியுள்ள நார்களையும் அரிக்கின்றன. இன்டர்லூகின்-1, டிஎன்எஃப் போன்ற அழற்சிச் சமிக்ஞைகள் எலும்பைத் தின்னும் செல்களைத் தூண்டிவிடுகின்றன. இதில் சூத்திரதாரி மாதிரி இருப்பது போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்ற பாக்டீரியா. எந்த நுண்ணுயிரும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் வாயில் இதை மட்டும் விட்டபோது எலும்பு கரையவில்லை. மற்ற பாக்டீரியாக்களும் கூட இருந்தபோதுதான் கரைந்தது. எண்ணிக்கையில் குறைவாக இருந்துகொண்டே உடம்பின் எதிர்ப்பைக் குழப்பி, மொத்தக் கூட்டத்தையும் கெடுத்துவிடுகிறது.

இதைப் பார்த்தால், நல்ல பாக்டீரியாவைக் கொண்டுவந்து கூட்டத்தின் சமநிலையை மாற்றலாம், அழற்சியையும் தணிக்கலாம் என்ற யோசனையில் அர்த்தம் இருக்கிறது. லாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி என்ற நல்ல பாக்டீரியா ரியூட்டெரின் என்ற கிருமி எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். அது உள்ள சப்பும் மாத்திரைகளை வைத்து நடந்த சில சோதனைகளில் ரத்தக் கசிவும் அழற்சிச் சமிக்ஞைகளும் குறைந்தன, குழியின் ஆழமும் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. இவை உண்மையான முடிவுகள்தான்.

ஆனால் எலும்பு கரையும் கட்டத்து நோயாளிகளிடம் இவற்றை வழக்கமாக எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் ஈறுக்குக் கீழே வரை பல்லில் இறுகிப் படிந்த காரையையும் பாக்டீரியாப் படலத்தையும் நன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு, அதற்குத் துணையாகத்தான் மாத்திரை கொடுக்கிறார்கள். காரையை அப்படியே விட்டுவிட்டு மாத்திரை சப்புவது, குப்பையை அள்ளாமல் மேலே மருந்து தெளிப்பது போலத்தான். சரி, துணையாகவாவது கட்டாயம் தேவையா? ஐரோப்பிய ஈறு நோய் மருத்துவக் கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி, ஆதாரங்களை அலசிவிட்டு, அந்தச் சிகிச்சையோடு புரோபயாடிக் சேர்க்க வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. சில சோதனைகளில் பலன், சிலவற்றில் ஒன்றுமில்லை என்று முடிவுகள் சிதறிக் கிடப்பதுதான் சிக்கல். தவிர, இந்தப் பாக்டீரியாக்கள் பொதுவாக வாயில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் கொஞ்ச காலத்தில் மறைந்துவிடுகின்றன. விளம்பரத்தில் இது வராது!

ரத்தம் நின்றதை வைத்து மட்டும் நிம்மதி அடைய முடியாது என்பதற்குப் புகைபிடிப்பவர்களே சாட்சி. அவர்களுடைய ஈறில் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும், உள்ளே எலும்பு இழப்போ மற்றவர்களைவிட அதிகம். புரோபயாடிக்கும் புகையும் ஒன்று என்று சொல்லவில்லை. கசிவு என்பது ஓர் அறிகுறி, அவ்வளவுதான். நோய் எங்கே நிற்கிறது என்பதைக் குழியை அளந்தும் எக்ஸ்ரே எடுத்தும்தான் சொல்ல முடியும். சர்க்கரை நோயாளிகள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கட்டுப்பாடில்லாத சர்க்கரை ஈறு நோயை முற்றவைக்கும், முற்றிய ஈறு நோய் சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் கெடுக்கும். இப்படிப்பட்ட ஒருவர் ரத்தம் நின்றுவிட்டதே என்று மாத்திரையை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் இழப்பு அவருக்குத்தான்.

இன்னொன்று, புரோபயாடிக் எல்லாம் ஒரே சரக்கு அல்ல. ஒரே பாக்டீரியா இனத்துக்குள்ளேயே ஒரு வகை பாக்டீரியாவால் கிடைத்த பலன் இன்னொரு வகையால் கிடைக்க வேண்டும் என்பதில்லை. வயிற்றுக்கு நல்லது என்று விற்கும் காப்ஸ்யூலை விழுங்கிவிட்டு ஈறு சரியாகும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

இதன் அடுத்த பகுதியை வெளியிடும் எண்ணம் இருந்தால், மேற்கோள் காட்டும் ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று விவரங்களையாவது கட்டுரையாளர் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: எந்த வகை பாக்டீரியா, அதற்கு முன்பு பல் சுத்தம் செய்யப்பட்டதா, மாத்திரையை நிறுத்திய பிறகு எத்தனை மாதம் கழித்து மறுபடி அளந்து பார்த்தார்கள்.

இப்படிக்கு,
ஈறு நோய் மருத்துவ வாசகர் ஒருவர்