ஹேர் டிரையர் வேண்டாம்

ஆசிரியருக்கு,

எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காய ஹேர் டிரையர் காட்டலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். ஐப்பசி மழையில், மயிலாப்பூர் மாடி அறையில் நானும் அப்படி மல்லுக்கட்டியவன்தான். தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதல்ல இது. வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. சூடு காட்டினால் மேலே ஆடை கட்டும், உள்ளே பிசுபிசுப்பு அப்படியே இருக்கும்.

எனக்குக் கைகொடுத்தது அம்பர் (umber) என்ற பழுப்பு மண் நிறம். அதிலுள்ள மாங்கனீசு காய்வதை விரைவாக்கும். டர்பன்டைன் கலந்து மெல்லிசாக அடிப்பூச்சு பூசினால் ஓரிரு நாளில் அடுத்த பூச்சுக்குப் போகலாம். டைட்டானியம் வெள்ளை இழுத்தடிக்கும். அவசரமென்றால், சீக்கிரம் காயவைக்கும் பிசின் கலவையான ஆல்கிட் மீடியம் கலக்கலாம்.

பூச்சுக்கு மேல் பூச்சு போகப்போக எண்ணெய் அதிகமாக வேண்டும், குறையக் கூடாது. இதைத் தலைகீழாகச் செய்து நான் வரைந்த கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம் இப்போது விரிசல் விட்டு, சித்திரை மாதத்து ஏரி போலச் சுவரில் தொங்குகிறது. பேரனுக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம்!

அப்புறம், ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துப் போட்டுக் காயவிடுங்கள்.

– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், மயிலாப்பூர், சென்னை