ரங்கூனிலிருந்து: உன் சுண்டுவிரலுக்கு ஒரு கீபோர்டு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். மகள் இப்போது அச்சுக்கடையில் என்னோடுதான் உட்காருகிறாள், பர்மிய வேலையெல்லாம் அவள் பொறுப்பு. மழை விட்டுவிட்டது. கரண்ட் மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது.

உன் வலது சுண்டுவிரல் மடங்க மறுக்கிறது, குடும்ப வரலாற்றை எழுதி முடிக்க வேண்டும், கூடுதல் கீ உள்ள கீபோர்டு எது வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். உன் தாத்தா 1942இல் பர்மா எல்லையில் இருக்கும் தாமு வழியாக மணிப்பூருக்கு நடந்த கதை பாதியில் நிற்கக் கூடாது. அதனால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன வருஷம் நான் ஏமாந்ததை முதலில் சொல்கிறேன். ஒரே கல்யாணப் பத்திரிகையில் தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றும் வரும். ஆல்ட்-ஷிப்ட் அடித்தால் மொழிகள் வரிசையாகத்தான் மாறும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போக, நடுவில் பர்மியத்தில் இறங்கி ஏற வேண்டும். இதற்காகவே, இடது ஓரத்தில் ஆறு கீ அதிகமாக இருந்த ஒரு கீபோர்டை வாங்கினேன். அட்டையில் 'புரோகிராம் செய்யலாம்' என்று போட்டிருந்தது. செய்யலாம்தான், ஆனால் அவர்கள் கொடுத்த மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும். அந்த மென்பொருளோ நெட் இல்லாமல் திறக்கவில்லை. கோவில் நோட்டீஸ் கொடுக்க வந்த பெரியவர் எதிரே உட்கார்ந்திருக்க, ஆறு கீயும் செத்துக் கிடந்தன. அதனால் ரிச்சி தெருவில் எந்தக் கடையில் ஏறினாலும் முதலில் இதைக் கேள்: நாம் பதிவு செய்வது கீபோர்டுக்குள்ளேயே தங்குமா, கம்ப்யூட்டரில் தங்குமா? உள்ளே தங்கும் என்றால் மட்டும் பேச்சைத் தொடர். கீ அமைப்பைக் கீபோர்டுக்குள்ளேயே பதிய உதவும் கியூஎம்கே, வியா என்ற மென்பொருள்களின் பெயரைச் சொல்லிக் கேட்டுப்பார். அந்த வகையில் ஒரு தடவை அமைத்துவிட்டால் போதும், கரண்ட் போனாலும் வேறு கம்ப்யூட்டரில் செருகினாலும் அப்படியே இருக்கும்.

இப்போது என்னிடம் இருப்பது, மூடிய கடை ஒன்றின் பில் போடும் மேஜையிலிருந்து வந்த பழைய கீபோர்டு. தெயின்ஜி சந்தைப் பக்கம் பழைய சாமான்களோடு கிடந்தது. ஒவ்வொரு கீயின் மேலும் கண்ணாடி மாதிரி ஒரு மூடி. நகத்தால் நெம்பினால் கழன்று வரும், அடியில் ஒரு சின்னக் காகிதம். முதலில் எடுத்த காகிதத்தில் பர்மியத்தில் 'சர்க்கரை' என்று பேனாவால் எழுதியிருந்தது. மகள் அதே அளவுக்கு வெள்ளைக் காகிதம் வெட்டி 'த', 'ப', 'ஆ' என்று எழுதி மூன்று கீகளில் வைத்தாள். விண்டோஸில் ஒவ்வொரு மொழிக்கும் கண்ட்ரோல்-ஷிப்டோடு ஓர் எண்ணைக் கொடுக்க வழி இருக்கிறது. அந்த மூன்று கீயும் அதைத்தான் அனுப்புகின்றன. இனி நடுவில் இறங்கி ஏறுவது இல்லை.

இனி உன் விரலுக்கு வருகிறேன். கீபோர்டுக்கு எழுத்து தெரியாது. எந்த கீ அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும் அனுப்பும், அது 'க'வா 'எச்'சா என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர்தான். நீ அடிப்பது தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு அமைப்பு. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கையில். ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் வலது சுண்டுவிரலில் போய் விழுகின்றன. 'நான்', 'செய்ய', 'யார்' எதை எழுதினாலும் அந்த விரல்தான் பாடுபடுகிறது. சரி, கீபோர்டோடு கூடத் தனியாகச் செருகும், ஒன்பது கீ மட்டும் உள்ள சின்னப் பேட் ஒன்றை வாங்கி இடது பக்கம் வை. அரைப்புள்ளி கீயின் எண்ணை அதில் ஒரு கீக்குக் கொடுத்தால், தமிழ் இருக்கும்போது அது 'ந' போடும். சதுர அடைப்பு திறக்கும் கீயின் எண் 'ச', ஒற்றை மேற்கோள் 'ய', சாய்கோடு 'ழ', அடைப்பு மூடுவது 'ஞ'. முதல் இரண்டு நாள் கை தடுமாறும், அப்புறம் பழகிவிடும். இதை எழுதும்போதே உனக்குச் சரிப்படும் என்று மனசு சொல்கிறது.

மீதி நான்கு கீக்கு எஃப்13 முதல் எஃப்16 வரை கொடு. 122 கீ கொண்ட பழைய ஐபிஎம் டெர்மினல்களில் மேலே இரண்டு வரிசையாக 24 எஃப் கீ இருந்தன, நீயே சென்னை அலுவலகத்தில் பார்த்ததாக ஒருமுறை எழுதினாய். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இடது ஓரம் பத்துதான், பிறகு மேலே ஏறிப் பன்னிரண்டு ஆயின. ஆனால் எஃப்24 வரைக்குமான எண்கள் விண்டோஸில் இன்னும் இருக்கின்றன. சாதாரண கீபோர்டில் அந்த கீகளே இல்லாததால் அநேகமாக எந்த மென்பொருளும் அவற்றுக்குச் சொந்தம் கொண்டாடுவதில்லை. ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளில் ஒரு கீக்கு ஒரு வரி எழுதினால் முழு வாக்கியமே விழும். எனக்கு எஃப்13 என்றால் 'தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து'. உனக்கு 'கொள்ளுப்பாட்டனார்', அப்புறம் 'மோல்மேன்', 'தட்டோன்' மாதிரி பர்மா ஊர்ப்பெயர்கள் என்று திரும்பத் திரும்ப வருபவற்றை வைத்துக்கொள். இந்த வரிகளை எழுதும் கோப்பை, தமிழ் எழுத்தும் சிதையாமல் தங்கும் யுடிஎஃப்-8 முறையில் சேமி. நான் முதலில் அதைக் கவனிக்காமல் விட்டதில் கொம்பும் காலும் குப்பையாக வந்தன.

என் கோப்பை மெயிலில் அனுப்புகிறேன், வாக்கியங்களை மட்டும் மாற்றிக்கொள். பேட் வாங்கியதும் முதலில் தாமு அத்தியாயத்தை முடித்து எனக்கு அனுப்பு. உன் தாத்தாவோடு நடந்தவர்களில் என் பெரியப்பாவும் உண்டு என்று அம்மா சொல்வார், அவர் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கரண்ட் வந்துவிட்டது, பத்திரிகை ஓட்டப் போகிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் நண்பன்,
ரங்கூன்