அம்மாவின் அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

எங்கள் அம்மாவை அடக்கம் செய்து இன்றோடு 41 நாள் ஆகிறது. முப்பதாம் நாளே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். யார் பெயரை முதலில் போடுவது என்று தெரியாமல் நோட்டை மூடி வைத்துவிட்டேன். இப்போது பெயர்களே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். உங்களில் சிலருக்கு எங்களோடு சேர்த்துப் பெயர் வந்தால் சொந்தச் சபையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். யாரைச் சொல்கிறேன் என்பது படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நாங்கள் கோயம்புத்தூரில் பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். 2013-இல் நானும் அம்மாவும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஞானஸ்நானம் எடுத்தோம். ஊரார் வாயில் மார்மன் சபை. அந்தப் பட்டப்பெயரை விட்டுவிட்டு முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று 2018-இல் எங்கள் சபைத் தலைவராக இருந்த ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். ஆனால் எதிர்வீட்டில் எங்களை மார்மன் வீடு என்றுதான் சொல்கிறார்கள், பாசமாகத்தான் சொல்கிறார்கள். எனவே நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

இந்த 12 வருஷத்தில் கேட்காத பேச்சு இல்லை. "கள்ள உபதேசம்" என்று அச்சடித்த தாளை எங்கள் கேட்டில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அமெரிக்காக்காரன் மாசம் எவ்வளவு தர்றான் என்று வேலை செய்யும் இடத்தில் கேட்டிருக்கிறார்கள். தருவது நாங்கள்தான், வருமானத்தில் பத்தில் ஒன்று, அதுதான் தசமபாகம். எங்கள் ஊர்க் கிளைச் சபையை நடத்தும் கிளைத் தலைவருக்குச் சபையிலிருந்து சம்பளம் கிடையாது. அவர் ஒரு பம்பு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை விரலில் கிரீஸ் கறையோடு பிரசங்க மேடையில் நிற்பார். என் மகளிடம் பள்ளிக்கூடத்தில், "உங்க அப்பாவுக்கு எத்தனை பொண்டாட்டி?" என்று கேட்டார்கள். பலதார மணத்தை விடும்படி சபை அறிவித்தது 1890-இல். அது ஒரு காலத்தில் இருந்தது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் பத்து வயதுக் குழந்தையிடம் அதைக் கேட்டவர்கள் வரலாறு தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை.

எனக்கும் சபைமேல் கேள்விகள் உண்டு. கறுப்பின ஆண்களுக்கு 1978 வரைக்கும் ஆசாரியத்துவம், அதாவது சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம், கொடுக்கவில்லை என்று படித்த அன்று இரவு என்னால் தூங்க முடியவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிற இடம்தான். வலியோடுதான் இருக்கிறேன், விட்டுப் போகவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் ஒழுங்கான மார்மன் இல்லை. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் மூலம் 1833-இல் வந்த ஞான வார்த்தை என்ற கட்டளையின்படி நாங்கள் மது, புகையிலை, டீ, காபி தொடக் கூடாது. முதல் மூன்றை விட்டது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. காபி அப்படி இல்லை. கோவையில் ஒரு வீட்டுக்குப் போய்க் காபி வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. ஆனாலும் பதினொரு வருஷம் தொடாமல் இருந்தேன். போன வருஷக் கடைசியில் அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. விடிகாலை 4 மணிக்கு ஆஸ்பத்திரி கேண்டீனில் ஒரு டம்ளர் குடித்தேன், அது தினமும் ஆனது. குடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து அப்பத்தை எடுக்கக் கை வரவில்லை. முதலில் ஒரு வாரம் போகவில்லை, அப்புறம் எட்டு மாதம் போகவில்லை. அம்மாவைப் பார்க்கச் சபையார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் கடைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவேன்.

இந்த நிலையில்தான் ஐப்பசி அடைமழையில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா போனார்கள்.

அப்பா 2004-இல் தவறியபோது பழைய சபையின் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பேருக்கான குடும்பக் கல்லறையாகப் பணம் கட்டி வாங்கினோம். அம்மாவின் ஒரே ஆசை அப்பா பக்கத்தில் போவது. அன்று இரவு 8 மணிக்குக் கல்லறைத் தோட்டக் கமிட்டியிலிருந்து ஆள் வந்து, சபையை விட்டுப் போனவர்களுக்கு அங்கே இடம் இல்லை, அதுவும் மார்மனுக்கு இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு நான் அதைக் கேட்டேன். எழுந்து ஒரு வார்த்தை பேச எனக்குத் தெம்பு இல்லை.

அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது அம்மா அடிக்கடி என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்கிற ஒரு கதை. 1838-இல் மிசோரி மாநிலத்தின் ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை ஒழித்துக்கட்ட வேண்டும், இல்லை மாநிலத்தை விட்டே விரட்ட வேண்டும் என்று ஆணை போட்டார். மூன்றாம் நாள் ஹான்ஸ் மில் என்ற குடியிருப்பில் 17 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆணையை முறைப்படி ரத்து செய்தது 1976-இல்தான். "அப்ப உங்கண்ணன் பொறந்தாச்சே, அதுவரைக்கும் அந்தக் காகிதத்த யாரும் கிழிக்கலையா?" என்று ஒவ்வொரு தடவையும் அம்மா கேட்பார்கள். எங்களை யாரும் சுடவில்லை, விரட்டவில்லை. அவர்கள் பட்டதோடு எங்கள் கஷ்டத்தை ஒப்பிடவும் மாட்டேன். ஆனால் ஒரு காகிதம் என்ன செய்யும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

அண்ணா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். 11 வருஷம் நீங்கள் என் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மாவை வேறு வழியில் கூட்டிக்கொண்டு போய்விட்டேன் என்ற கோபம் உங்களுக்கு இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. அன்று இரவு மழையில் நனைந்து உள்ளே வந்தீர்கள். அம்மா காலைத் தொட்டீர்கள். என்னிடம் பேசவில்லை. பீரோவைத் திறந்து அப்பாவின் ரசீது ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். கமிட்டிக்காரர் வீட்டு வாசலில் நீங்கள் சொன்னதை உங்களோடு வந்த ஆட்டோக்கார அண்ணன்தான் என்னிடம் சொன்னார்: "அவங்க எந்தச் சபைக்குப் போனாலும் எங்கப்பா சம்சாரம்தான். இது எங்கப்பா வாங்கின இடம்." விடிகாலை 5 மணிக்குக் கையெழுத்தோடு ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டீர்கள். தோட்டத்துக்குள் மார்மன் சபையார் ஆராதனை நடத்தக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தது. ஆட்டோக்கார அண்ணா, ராத்திரி முழுக்க மழையில் சுற்றிவிட்டு மீட்டர் காசுகூட வாங்காமல் போனீர்கள். உங்களுக்கும் என் நன்றி.

காலையில் கிளையிலிருந்து எல்லோரும் வந்தார்கள். எட்டு மாதம் முகம் காட்டாதவன் வீடு என்று ஒருவர்கூட நினைத்த மாதிரி தெரியவில்லை. எங்கள் சபைப் பெண்கள் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்துச் சகோதரிகள் அம்மாவைக் குளிப்பாட்டி, அவருக்குப் பிடித்த வெள்ளைச் சேலையைக் கட்டிவிட்டார்கள். கறுப்புப் பெயர்ப்பட்டை குத்திய இரண்டு ஊழியக்காரத் தம்பிகள், இரண்டு பேரும் ஆந்திராக்காரர்கள், தமிழ் அரைகுறைதான், பெட்டியைத் தூக்க முதலில் தோள் கொடுத்தார்கள். அவர்கள் சட்டையில் எங்கள் தெருச் சேறு முழுக்க அப்பியிருந்தது. சாமியானா கடை பாய் கேட்காமலே பந்தல் போட்டுவிட்டு வாடகை பேச மறுத்துவிட்டார். குழி வெட்டிய அண்ணன்மார் தண்ணீர் ஊற ஊற வாளியில் இறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

எதிர்வீட்டு அக்கா, உங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். துக்க வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பதுதான் வழக்கம். நீங்கள் என்னிடம் வந்து காதோடு, "ஏனுங் தம்பி, உங்க சனம் காபி குடிக்காதுங்களே, அதான் சுக்கு மல்லி வெச்சிட்டேன், அதுல காபித்தூள் போடல, நம்பிக் குடிக்கலாமுங்க" என்று சொன்னீர்கள். எங்கள் நம்பிக்கையில் உங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. மருதமலைக்குக் கிருத்திகை தவறாமல் போகிறவர் நீங்கள். ஆனால் எங்கள் கட்டளையை நீங்கள் நினைவு வைத்திருந்தீர்கள். அன்று காலையும் கேண்டீன் பழக்கத்தில் பேக்கரியில் காபி குடித்துவிட்டு வந்தவன் நான். உங்கள் கையிலிருந்து அந்த டம்ளரை வாங்கியபோது எனக்கு அழுகை வந்தது அதனால்தான். நீங்கள் அம்மாவை நினைத்து அழுகிறேன் என்று முதுகைத் தடவினீர்கள்.

ஓய்வுபெற்ற பாஸ்டர் ஐயா, எங்களைக் குறித்து நீங்கள் பிரசங்கத்தில் பேசியவர். கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் குடையோடு நின்றிருந்தீர்கள். "என் கருத்து மாறலப்பா. ஆனா உங்கம்மா 20 வருஷம் எங்க ஓய்வுநாள் பள்ளி டீச்சர்" என்று சொல்லிவிட்டு, 23-ஆம் சங்கீதத்தை வாசித்தீர்கள். கருத்து மாறாமலே வந்தீர்கள் பாருங்கள், அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

எங்கள் வழக்கப்படி ஆசாரியத்துவம் உள்ள ஒருவர் கல்லறையைப் பிரதிஷ்டை செய்து ஜெபிப்பார். நிபந்தனைத் தாளை மதித்துக் கிளைத் தலைவரும் சபையாரும் கேட்டுக்கு வெளியே ரோட்டிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே நின்ற எனக்கு அந்த ஜெபத்தைச் சொல்லத் தகுதி இல்லை என்று எனக்கே தெரியும். மண் போடும் நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. அப்போது அண்ணன் என் பக்கம் திரும்பி, 11 வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, "சபைதான் ஜெபம் பண்ணக் கூடாதுன்னு எழுதியிருக்கு. மகன் பண்ணக் கூடாதுன்னு எழுதல. பண்ணுடா" என்றார். பண்ணினேன். பிரதிஷ்டை இல்லை, ஒரு மகனின் ஜெபம் மட்டும். பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து அண்ணன் முடித்தார். அவர் வழியில் ஆமென் சொன்னார், ரோட்டில் நின்றவர்கள் எப்படிக் கேட்டார்களோ, அவர்களும் ஆமென் சொன்னார்கள்.

கமிட்டியில் இருப்பவர்களுக்கும் இந்த மடல் போய்ச் சேரும். கடைசியில் கையெழுத்துப் போட்டதற்கு நன்றி. கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அம்மா தவறுவதற்குச் சில வாரம் முன்பு, 2025 செப்டம்பர் 28 அன்று, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் பிளாங்க் ஊரில் எங்கள் சபைக் கட்டடத்தில் ஞாயிறு ஆராதனை நேரத்தில் ஒருவர் வண்டியை மோதி, சுட்டு, தீ வைத்தார். ஆராதனைக்கு வந்த 4 பேர் இறந்தார்கள். சுட்டவரும் அங்கேயே போலீசாரால் கொல்லப்பட்டார். சில நாட்களில், எங்கள் சபைக்காரர் ஒருவர் தொடங்கி வைக்க, சுட்டவருடைய மனைவி பிள்ளைகளுக்கென்று லட்சக்கணக்கான டாலர் சேர்த்துக் கொடுத்தார்கள். படுக்கையில் இருந்த அம்மாவுக்கு அந்தச் செய்தியை வாசித்துக் காட்டினேன். "அப்படித்தான் இருக்கணும்" என்றார்கள். அந்த மனசு எனக்கு இன்னும் வரவில்லை. ஒரு மறுப்பு வார்த்தையைக்கூட என்னால் முழுசாக மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

கிளைத் தலைவர் அவர்களே, இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தீர்கள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. நானே காபி விஷயத்தைச் சொன்னேன். "தெரியும், அம்மா சொன்னாங்க. உன்கிட்ட கேக்க வேண்டாம்னும் சொன்னாங்க" என்றீர்கள். அம்மாவுக்கு இன்னொரு ஆசை இருந்தது, உங்களுக்கும் தெரியும். எங்கள் விசுவாசத்தில் புருஷனும் மனைவியும் ஆலயத்தில் நித்தியத்துக்குமாக முத்திரிக்கப்படலாம், அதாவது சாவுக்குப் பிறகும் பிரியாதபடி இணைக்கப்படலாம். இறந்தவர்களுக்காகப் பிள்ளைகள் போய் நின்று அதைச் செய்யலாம். பெங்களூரில் ஆலயம் என்று 2018 ஏப்ரலில் அறிவித்த அன்று அம்மா அப்பாவின் போட்டோவைத் துடைத்து வைத்தார்கள். 2020 டிசம்பரில் அங்கே வேலை தொடங்கியதும், கட்டி முடிக்கட்டும், ரயில்லயே போயிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களால் அதுவரை இருக்க முடியவில்லை. நான்தான் போய் நிற்க வேண்டும். நிற்க வேண்டுமென்றால் ஆலயத்துக்குள் விடுகிற சிபாரிசுச் சீட்டு வேண்டும். சீட்டு வேண்டுமென்றால் காபியை விட வேண்டும், தசமபாகப் பாக்கியைச் சரிசெய்ய வேண்டும். காபி விட்டு இன்றைக்கு 16-ஆவது நாள். அதற்கு முன் ஒரு தடவை ஒன்பது நாளில் உடைத்துவிட்டேன், கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். போன ஞாயிறு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தபோது, பாட்டுப் புத்தகத்தைப் பாதி விரித்து என் பக்கம் நீட்டிய பெரியவருக்கு நன்றி.

இன்னும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். டயாலிசிஸ் வார்டு சிஸ்டர், அம்மாவுக்கு இரங்கல் பத்திரிகை அடித்துக் கொடுத்த அச்சகத்துத் தம்பி, என் மகளைக் கூட்டிப் போய் இரண்டு நாள் வைத்துக்கொண்ட அவள் தோழியின் வீட்டார். எல்லோர் வீட்டுக்கும் நேரில் வருவேன், கொஞ்சம் கொஞ்சமாக.

ஒரு சின்ன விஷயம். அன்றைக்கு வந்த ஃபிளாஸ்க்குகளில் இரண்டு எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. நீல மூடி போட்டது தன்னுடையது என்று எதிர்வீட்டு அக்கா சொல்லிவிட்டார். பச்சை நிறத்தில் பெரிதாக, பிடியில் கயிறு கட்டியது யாருடையது என்று தெரியவில்லை. கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். மாலை 6 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வாருங்கள், சுக்கு மல்லி காபி நானே போடக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

அன்புடன்,
அம்மாவின் இளைய மகன்