செத்த ராஜாக்களின் சொத்து

அன்புள்ள முருகேசா,

நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? தீபாவளிக்குப் போட்ட கடிதத்துக்குப் பொங்கல் தாண்டியும் பதில் வரவில்லை என்று கந்தசாமியிடம் புலம்பினாயாம். புலம்பு. அதில் பழைய மெக்சிகோவின் ஆஸ்டெக்குகளையும் பெருவின் இன்காக்களையும் பற்றி நீ எழுதிய தீர்ப்பால்தான் இவ்வளவு தாமதம். "ஆஸ்டெக் கசாப்புக்காரன், இன்கா நல்ல நிர்வாகி." வக்கீல் புத்தி உன்னை விட்டுப் போகாது!

ஆஸ்டெக்குகளின் நம்பிக்கைப்படி இது ஐந்தாவது சூரியன். முந்தைய நான்கு உலகங்களும் அழிந்துவிட்டன. இந்தச் சூரியன் நகர்வதற்காகத் தெய்வங்களே உயிரைக் கொடுத்தன. அந்தக் கடனை மனிதன் ரத்தத்தால் அடைக்க வேண்டும். அவர்கள் தலைநகரான டெனோச்டிட்லானின் பெருங்கோயில் உச்சியில் இரண்டு சன்னதிகள், ஒன்று போர்த் தெய்வத்துக்கு, மற்றது மழைத் தெய்வத்துக்கு. கப்பமும் சோளமும் அவர்கள் பிழைப்பில் முக்கியம். தோற்ற ஊர்களில் பழைய ராஜாவையே பெரும்பாலும் விட்டுவைத்து, பருத்தியும் கொக்கோவும் இறகும் வாங்கிக்கொண்டார்கள். அடிபணியாத பக்கத்து நாட்டு த்லாஷ்காலாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஸ்பானியர்களோடு சேர்ந்து 1521இல் அந்த நகரத்தை வீழ்த்தியது சும்மா இல்லை.

இன்கா நிர்வாகம் பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். காசு கிடையாது. வரி என்பது உடல் உழைப்பு. அதற்கு மீத்தா என்று பெயர். மலைச்சரிவெல்லாம் தானியக் கிடங்குகள், கணக்கு முடிச்சுக் கயிறுகளில்.

ஆனால் முருகேசா, 1999இல் அர்ஜென்டினா-சிலி எல்லையிலுள்ள யூயய்யாகோ மலையுச்சியில், 6,739 மீட்டர் உயரத்தில், இன்காக்கள் பலி கொடுத்த மூன்று குழந்தைகளின் உடல்களை எடுத்தார்கள். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கலாம். கடைசி மாதங்களில் அவளுக்கு நிறைய கோக்கா இலையும் சோள மதுவும் கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் தலைமுடியே சொல்கிறது. ஆஸ்டெக்கிடம் நரபலி கோயில் உச்சியில் கூட்டத்துக்கு முன்னால் நடந்தது, இங்கே பனியில் சத்தமில்லாமல் நடந்தது. உன் நல்ல நிர்வாகி இதையும் ஒழுங்காகத்தான் நிர்வகித்தான்.

சரி, உனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: சொத்து. இன்கா அரசன் செத்தாலும் நிலமும் மாளிகையும் வேலையாட்களும் அவன் பெயரில்தான் இருக்கும். வாரிசுக்குக் கிடைப்பது பட்டம் மட்டும். மற்றதை அவன் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். பதப்படுத்திய உடலுக்குச் சாப்பாடு, திருவிழா நாளில் சதுக்கத்தில் இடம், வேறு செத்த ராஜா வீட்டுக்கு விருந்து! இன்கா தலைநகர் குஸ்கோவின் நல்ல நிலமெல்லாம் இப்படிப் பிணங்களிடம் மாட்டிக்கொண்டது. உங்கள் சித்தப்பா வழக்கை மாதிரி, வாதி பிரதிவாதி இருவரும் போன பிறகும் ஓடுகிறது.

இதற்கு முடிவு கட்டப் பார்த்தவன் உவாஸ்கர் என்ற இன்கா அரசன். இறந்தவர்களைப் புதைத்துவிட்டு அவர்கள் சொத்தை எடுத்துக்கொள்ளப் போவதாக அவன் சொன்னதை, பெருவைப் பிடித்த ஸ்பானியர்களில் ஒருவரான பெட்ரோ பிசாரோ எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குடும்பங்கள் சும்மா இருக்குமா? வேறு தாய்க்குப் பிறந்த சகோதரன் அடாவல்பாவோடு போர் வேறு. ஜெயித்த அடாவல்பாவின் படை ஒரு பழைய அரசனின் உடலையே எரித்தது. 1533இல் ஸ்பானியர்கள் அடாவல்பாவை எரிக்கப் போனபோது, ஞானஸ்நானம் பெற்றால் தீ இல்லை என்றதும் அவன் சம்மதித்தான். கழுத்தை நெரித்தார்கள். உடல் மிஞ்சினால் போதும் என்று நினைத்திருப்பான், அவன் நம்பிக்கையில் அது சின்ன விஷயமா?

உவாஸ்கர் கேட்டது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. நீ பிணங்கள் பக்கம் ஆஜராவாய், தெரியும். வாதத்தை எழுதி அனுப்பு, ஃபீஸ் கிடையாது.

உன்,
ராகவன்