தண்ணீர் லாரி ஓட்டி வந்த அண்ணனுக்கு

அனல் மின் நிலையத்தில் எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தேக்கிவைக்கும் குளத்தின் கரை உடைந்து தெருவெல்லாம் சாம்பல். அள்ளப் போன எங்களுக்கு மண்வெட்டி கொடுத்தார்கள், முகக்கவசம் கொடுக்கவில்லை. ஈரமாக இருந்தவரை அது வெறும் சேறு. வெயிலில் காய்ந்ததும் மாவு போலப் பறக்க ஆரம்பித்தது.

அண்ணா, சாலையை நனைப்பது மட்டும்தான் உங்கள் வேலை. யாரும் கேட்காமலே குழாயை இழுத்துக்கொண்டு நாங்கள் அள்ளும் இடத்துக்கு வந்து, காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தீர்கள். "பெருக்காதீங்க, இதுல ஆர்சனிக், ஈயம் எல்லாம் இருக்கு, நுரையீரலுக்குள்ள போயிடும்" என்று சொல்லி, இருக்கைக்கு அடியிலிருந்து என்95 முகக்கவசங்களை எடுத்து நீட்டினீர்கள். மாலையில் எங்கள் பூட்ஸையும் கால்சட்டை மடிப்பையும்கூடக் கழுவிவிட்டுத்தான் அனுப்பினீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குள் இதைக் கொண்டுபோகக் கூடாதாம். அந்த மடிப்புக்குள் எவ்வளவு சாம்பல்!

2008இல் அமெரிக்காவின் கிங்ஸ்டனிலும் இப்படித்தான் கரை உடைந்தது. அங்கே சாம்பல் அள்ளியவர்களில் பலர் நோயுற்று வழக்குப் போட்டதை அப்புறம்தான் படித்தேன்.

பெயரைக் கேட்பதற்குள் லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை எழுதுங்கள் அண்ணா. ரொம்ப நன்றி.