மாங்குளத்துச் சிலந்திக்கு விலை கேட்டவனுக்கு

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்குக் கலியாணம் பொருந்தியதில் எங்களுக்கும் சந்தோசம். மண்டபம் கிளிநொச்சியிலா வவுனியாவிலா என்று நீ எழுதவில்லை. திகதி முடிவானதும் உடனே சொல்லு. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிவிட்டால் விமானச் சீட்டின் விலை கிட்டவும் நெருங்கேலாது.

கடைசிப் பக்கத்தில் கேட்ட விசயத்துக்கு வருகிறேன். மருமகன் புலிமுகச் சிலந்தி (மரத்தில் வாழும் பெரிய மயிர்ச் சிலந்தி, டரன்டுலா சாதி) ஒன்றைப் பிடித்துப் போத்தலில் வைத்திருக்கிறான், வெளிநாட்டுக்காரர் லட்சக்கணக்கில் கொடுப்பார்களாம், லண்டனில் என்ன விலை என்று விசாரி என்றாய். விசாரிக்க வெளியே போகத் தேவையில்லை. என் சின்னவளின் அறையில் பெரிய சிலந்திகள் இரண்டு நிற்கின்றன. அவள் பல்கலைக்கழகத்துக்குப் போனதிலிருந்து அவற்றுக்குச் சாப்பாடு வைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் இந்த ஓய்வூதியக்காரனின் வேலை.

விலையைச் சொல்லட்டா? இந்திய வகைப் புலிமுகக் குஞ்சு ஒன்று இங்கே பத்துப் பதினைந்து பவுண். ஒரு பெண் சிலந்தியின் முட்டைப் பையிலிருந்து நூறு குஞ்சு அளவில் வரும். ஐரோப்பாவில் இதை வீட்டிலேயே பெருக்கிப் பல வருசமாகிறது. கொழும்பில் லட்சம் தருவேன் என்பவன் உன் மருமகனின் தலையில் மிளகாய் அரைக்கிறான். பிடிபட்டால் உள்ளே போவது பெடியன்தான், அவன் இல்லை. காட்டு உயிரினத்தை அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு அனுப்புவது குற்றம் என்பது உனக்கே தெரியும். அதோடு 2019 இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் (காட்டு உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) மாநாடு புலிமுகச் சிலந்தி இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அதைக் கேட்டு வாங்கியவர்களில் இலங்கையும் ஒன்று.

உங்கள் ஊர் மாங்குளத்துக்கு இதில் தனிப் பெயரும் உண்டு. 2009 இல் ஊரவர் ஒருவர் செத்த ஆண் சிலந்தி ஒன்றை ஆராய்ச்சிக்காரரிடம் கொடுத்தார். பிறகு ஆராய்ச்சியாளர் ரணில் நாணயக்காரவும் அவருடைய ஆட்களும் தேடித் திரிந்து, மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய டாக்டர் குவாட்டர்சில் உயிரோடு கண்டார்கள். அதுவரை யாரும் பதியாத வகை. கால்களை விரித்தால் இருபது சென்ரிமீற்றர். தங்களோடு கூடத் திரிந்து உதவிய பொலிஸ் அதிகாரியின் பெயரையே அதற்கு வைத்து 2012 இல் அறிவித்தார்கள். இவை குடியிருப்பது கிழட்டு மரப் பொந்துகளில். பாலை மரத்தையும் வீரை மரத்தையும் தறித்துவிட்டால் பாழடைந்த வீட்டுக்குள் வராமல் வேறெங்கே போகும்? மன்னாரிலும் ஒரு வகை இருக்கிறது, அதையே அக்கரையில் ராமேஸ்வரத்திலும் கண்டிருக்கிறார்கள்.

மகள் வைத்திருப்பதில் ஒன்று மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் டரன்டுலா. பெண் என்பதால் இருபது வருசத்துக்கு மேல் இருக்குமாம். என்னைத் தூக்கிப் போகும்போதும் அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் என்று மனிசி பகிடி பண்ணுகிறாள். பெட்டிக்குள் போட்டிருப்பது தென்னந்தும்புத் தூள். கட்டியாக அழுத்தி வருகிறது, உறையைப் பார்த்தால் இலங்கை! சாப்பாடு சில்வண்டு (இங்கே கிரிக்கெட் என்பார்கள்), சில வேளை கரப்பான் பூச்சி. வாரம் ஒன்றே போதும், வேண்டாமென்றால் மாதக்கணக்காகப் பட்டினி கிடக்கும். கையில் எடுத்துக் கொஞ்சுவதெல்லாம் இல்லை. இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலும் வயிறு வெடிக்கலாம்.

தோல் கழற்றுவதைத்தான் நீ பார்க்கவேணும். மல்லாக்கப் படுத்து, கால்களை மேலே விரித்தபடி மணிக்கணக்காக அசையாது. மனிசி முதலில் கண்டபோது செத்துப்போச்சு என்று மகளுக்கு அழுகைக் குரலில் போன் எடுத்துவிட்டாள். உண்மையில் சாகிற சிலந்தி மல்லாக்கப் படுக்காது. நின்ற நிலையிலேயே கால்கள் வயிற்றுக்கடியில் சுருளும். காலை நீட்டுவதற்கு அதனிடம் தசை கிடையாது, உடம்பு நீரின் அழுத்தத்தால்தான் நீட்டும். அழுத்தம் போனால் கால் மடியும், அவ்வளவுதான். தோல் கழற்றும் நேரத்தில் பெட்டியைத் தட்டக்கூடாது. உள்ளே உயிரோடு சில்வண்டு விட்டிருந்தால் அது சிலந்தியையே கடித்துவிடும். கழன்ற பிறகும் பல்லு மெத்தென்று இருக்கும், ஒரு கிழமைக்கு மேல் கழிந்த பிறகுதான் உணவு போடவேணும். கழற்றிய சட்டையை மகள் பூதக்கண்ணாடியில் விரித்துப் பார்த்துத்தான் ஆணா பெண்ணா என்று சொல்லுவாள். ஆண் என்றால் அவளுக்கு முகம் வாடிவிடும். பருவம் வந்தபின் அதிக காலம் இருக்காதே.

கடியைவிட எனக்குப் பயம் மயிர்தான். அமெரிக்கக் கண்டத்து வகைகள் பல பின்னங்காலால் வயிற்றைத் தேய்த்து, குத்தி அரிக்கவைக்கும் மயிரை எறியும். லீட்ஸில் ஒருவர் பெட்டியைக் கழுவும்போது அந்த மயிர் கண்ணின் கருவிழியில் ஏறி, கண்ணாஸ்பத்திரி வரை போன கதை லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. நான் கண்ணாடி போடாமல் பெட்டியைத் திறப்பதில்லை. உங்கள் புலிமுகத்துக்கு அந்த மயிர் இல்லை. ஆனால் மின்னல் மாதிரி ஓடும், கடித்தால் நாட்கணக்கில் தசை பிடித்து இழுக்கும். செத்ததாக ஒருவரும் பதிவில் இல்லை.

பக்கத்துப் பெட்டியில் குச்சிப் பூச்சிகள். இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வளர்க்கிற சாதாரண வகை. அது கொடைக்கானலுக்குப் பக்கத்தில் செண்பகனூரிலிருந்து வந்த சாதியாம். ஆணே தேவையில்லாமல் முட்டை போடும், இங்கே ஐவி இலை கொடுத்தால் போதும். அதற்கு மேல் தட்டில் சிறுத்தைப் பல்லி. இந்த நாட்டு விலங்கு நலச் சட்டம் (2006) முதுகெலும்புள்ளதற்குத்தான். பல்லியைப் பட்டினி போட்டால் வழக்கு, சிலந்தியைப் போட்டால் ஒன்றுமில்லை!

மகளோடு எனக்கு ஒரு வாக்குவாதம் உண்டு. வீட்டில் பெருக்குவதால்தான் இனம் பிழைக்கும் என்பாள். நான் ஆந்திராவின் கூட்டி (Gooty) என்ற ஊரின் பெயர் கொண்ட நீலச் சிலந்தியைக் காட்டுகிறேன். 1899 இல் பெயர் வைத்தார்கள், 2001 இல்தான் நந்தியால் பக்கத்துக் காட்டில் திரும்பக் கண்டார்கள். இன்று அழியும் விளிம்பில் என்று பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பியர் படுக்கையறைகளில் எத்தனையோ பெட்டி நிறைய இருக்கிறது, அதில் எது அந்தக் காட்டுக்குத் திரும்பப் போகிறது? வீட்டில் பிறந்ததை வளர்க்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பாதுகாப்பு என்று பெயர் சூட்டாதே என்கிறேன்.

ஆகவே மருமகனிடம் சொல்லு, பிடித்த அதே மரத்தில் பொழுதுபட்ட பிறகு கொண்டுபோய் விடச்சொல்லி. கையால் தொடவேண்டாம். போத்தலைப் பொந்து வாயில் சாய்த்து வைத்துவிட்டு விலகி நிற்கட்டும், தானாகப் போகும். அவனுக்கு ஆசை விடவில்லை என்றால் இரவில் டோர்ச்சோடு போய்ப் படம் எடுக்கட்டும். எனக்கும் அனுப்பச்சொல்லு, மகள் குதிப்பாள்.

கலியாணத்துக்கு வரும்போது ஒடியல் மா இரண்டு பை எடுத்து வைக்கச்சொல்லித் தங்கச்சியிடம் சொல்லு. திகதியை மறக்காமல் எழுது.

உன் பழைய சிநேகிதன்