துளை போட்டவர்கள் கண்டதை ஊருக்கும் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திசையன்விளைப் பக்கம் முருங்கை போட்டிருக்கிற விவசாயி நான். போன மாதம் எங்கள் ஊருக்கு மறுபடியும் ஒரு சர்வே ஜீப் வந்தது. பாறையில் பெயின்டால் நம்பர் எழுதினார்கள், மண்ணைச் சின்னச் சின்னப் பைகளில் அள்ளிக் கட்டினார்கள், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே டீக்கடையில் 'நம்ம ஊருக்குக் கீழ பெட்ரோல் இருக்காம்' என்று பேச்சு கிளம்பி, மறுவாரம் வெளியூர்த் தரகர்கள் இரண்டு பேர் வந்து சென்ட் என்ன விலை என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பெட்ரோல் இங்கே கிடையாது. கடலடியில் சேறும் மணலும் ஆயிரக்கணக்கான அடி கனத்துக்குப் படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து சூடேறிய இடத்தில்தான் எண்ணெய் உருவாகும். அதைக் காவிரிப் படுகையிலும் மன்னார் வளைகுடாவிலும் தேடுகிறார்கள். நம் பக்கம் அடியில் கிடப்பது சார்னோக்கைட், நைஸ் மாதிரியான பழைய கெட்டிப் பாறை, கரையோரத்தில் மட்டும் அதன்மேல் கொஞ்சம் சுண்ணாம்புக்கல்லும் தேரி என்கிற செம்மணல் மேடுகளும். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், வாலிப வயதில் ராமநாதபுரம் பக்கம் எண்ணெய் தேடும் குழு ஒன்றில் இரண்டு சீசன் கூலிவேலை பார்த்திருக்கிறேன். வயல் வழியாக நேர்கோட்டில் ஜியோஃபோன் என்கிற, அதிர்வைப் பிடிக்கும் கருவிகளைக் குத்திக்கொண்டே போவோம், துளைக்குள் வெடி வைப்பார்கள், அந்த அதிர்வு கீழே இறங்கிப் பாறை அடுக்கு மாறுகிற இடத்தில் மோதித் திரும்பும், திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடுவார்கள். வெடி வைக்கும் முன்பு வீடு வீடாகப் போய் ஆடு மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்வதும் எங்கள் வேலைதான். அந்த அளவுக்காவது ஊரிடம் பேசினோம்.

இங்கே தேடுவது வேறு, மணலில் கலந்திருக்கும் தாது. மலைப் பாறை சிதைந்து ஆற்றோடு வந்து கடலில் சேர்ந்ததை, அலையே எடை பார்த்துப் பிரித்துக் கரையில் போட்டிருக்கிறது. சாதாரண வெள்ளை மணல் தண்ணீரைப்போல 2.65 மடங்கு கனம், டைட்டானியம் எடுக்கிற கறுப்பான இல்மனைட் 4.7 மடங்கு அளவு, அதனால் லேசானது இழுபட்டுப் போகக் கனமானது தங்கிவிடும். கார்னெட், சிர்கான், தோரியம் உள்ள மோனசைட் எல்லாம் இப்படிச் சேர்ந்தவைதான். தேரியிலும் இல்மனைட் உண்டு, 2007-இல் சாத்தான்குளம் பக்கம் டைட்டானியம் ஆலைப் பேச்சு வந்தபோது எத்தனை கிராமம் கொந்தளித்தது என்று உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

நான் எழுத வந்ததே என் நிலத்துக்குப் பக்கத்துப் புறம்போக்கில் போட்ட துளையைப் பற்றித்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குழு வந்து ரிக் நிறுத்தி, வைர முனை வைத்துப் பாறையை உருளை உருளையாக அறுத்து எடுத்து, அடிக்கணக்கு எழுதிய மரப்பெட்டிகளில் அடுக்கியது. நான் தினமும் போய் நின்று பார்த்தேன். ஒருநாள், அறுக்கிற முனை சூடாகாமல் இருக்கத் துளைக்குள் விட்ட தண்ணீர் மேலே திரும்பவே இல்லை, லாரி லாரியாக ஊற்றியும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. 'எத்தனை அடியில் இறங்கியது?' என்று கேட்டேன். குழுவில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அதெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்றார். அவருக்கு அது வேலையைக் கெடுக்கிற தொந்தரவு. எங்களுக்கோ அடியில் எங்கே பொந்து இருக்கிறது, மழைத்தண்ணீர் எங்கே இறங்கும், எங்கே தங்கும் என்று தெரிந்துகொள்ள அதைவிடப் பெரிய தகவல் இல்லை.

திசையன்விளை பக்கத்து ஆயன்குளம் கிணற்றை எல்லோரும் பார்த்தோமே. 2021 மழையில் வாரக்கணக்காக வெள்ளத்தை விட்டும் அது நிரம்பவில்லை. அப்புறம் சென்னை ஐஐடி குழு வந்து ஆராய்ந்து, சுண்ணாம்புப் பாறை தண்ணீரில் கரைந்து உள்ளே குகை மாதிரி வழிகள் இருப்பதைச் சொன்னது. எங்கள் ஊர்த் துளையிலும் அதே சங்கதிதானோ என்னவோ, எத்தனை அடியில் என்ன வந்தது என்று அவர்கள் குறித்த காகிதம் கையில் இருந்தால் தெரிந்துவிடும். அது இல்லாமல் அடுத்த வருடம் நான் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரை நம்பி 450 அடி போர் போட்டுப் புழுதிதான் பார்த்தேன். வட்டிக்கு வாங்கிய பணம்.

ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற வெள்ளைக்காரர் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பாறைகளையும் மண்ணையும் சுற்றிப் பார்த்து எழுதியது 1883-இல் அச்சில் வந்தது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். என் வேலிக்கு அந்தப் பக்கம் போட்ட துளையின் கணக்கு மட்டும் எனக்குக் கிடையாது.

தாது எவ்வளவு தேறும் என்ற கணக்கை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், நாங்கள் கேட்கவில்லை. எத்தனை அடியில் என்ன கல், எங்கே தண்ணீர் வந்தது, எங்கே இறங்கியது என்பதை ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டச் சொல்கிறோம். வருவதற்கு முன்பே எதைத் தேடி வருகிறார்கள் என்று கிராமசபையில் சொல்லட்டும். 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று விலக்குக் கொடுத்துவிட்டது, மோனசைட் அதில்தான் வரும். டெல்டாவுக்கு 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் நம் மாவட்டத்துக்கு இல்லை. ஆக, ஆய்வுக்கு வரும்போது பேசினால்தான் உண்டு, பிறகு பேச வாய்ப்பே வராமல் போகலாம்.

வேலை முடிந்ததும் துளையை மூடிவிட்டுப் போக வேண்டும் என்பதை நான் தனியாகச் சொல்லவேண்டியதே இல்லை, 2019-இல் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை சுஜித் மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததைத் தமிழ்நாடே தூங்காமல் பார்த்தது. எங்கள் ஊர்த் துளையின் குழாய் இன்னும் தரைக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டு திறந்துதான் கிடக்கிறது. கல்லை வைத்து, மேலே உடைமுள் வெட்டிப் போட்டிருக்கிறோம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு இதை மனுவாக எழுதிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். ராதாபுரம், நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கம் வேறு யார் நிலத்தருகே இப்படித் துளை போட்டிருந்தாலும், இடத்தையும் போட்ட மாதத்தையும் குறித்து அவரவர் மாவட்டக் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முருங்கை விவசாயி,
திசையன்விளை வட்டாரம்.